மேல கொஞ்சம் ஊத்து பாய்!

வேலூர் லாங் பஜாரில் கார் ஓட்டிப் போகிறவருக்கு பிரேக் எதற்கு என்று மண்டி மாமாவைக் கேட்டால் யோசிக்காமல் சொல்வார்: "ஆரன் இருக்குதே!"

அவர் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு பக்கம் மூட்டை இறக்கும் குட்டி யானை வண்டி. மறுபக்கம் முள்ளு கத்தரிக்காய்க் கூடை. 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அந்தக் கத்தரிக்காயும் யாருக்கும் வழி விடுவதில்லை. நடுத்தெருவில் அசைபோட்டபடி ஒரு மாடு. இத்தனைக்கும் நடுவே 2008-ல் வாங்கிய வெள்ளை மாருதி 800 ஒன்று, ஓயாமல் ஆரன் அடித்துக்கொண்டு, தள்ளுவண்டியை விட மெதுவாக ஊர்ந்து வரும். உள்ளே மடித்துக் கட்டிய வேட்டியும் நெற்றியில் விபூதியுமாக மண்டி மாமா.

மண்டி மாமா என்பவர் ஒரே ஆள் இல்லை. பஜாரில் தடுக்கி விழுந்தால் ஒரு மண்டி மாமா மேல்தான் விழ வேண்டும். அவர்களில் ஒருவர் என் சொந்தத் தாய்மாமன் என்பதால் தைரியமாக எழுதுகிறேன்.

மாமாவுக்கு வெல்ல வியாபாரம். அச்சு வெல்லத்தைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினால் போதும், பாகு எப்போது இறக்கியது, எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவார். வானொலி சொல்வதற்கு முன்பே அவருக்கு மழை தெரியும். "காத்துல ஈரம் ஏறிடுச்சுடா, சரக்கு இளகும்" என்று ஐப்பசி மாதம் பிறப்பதற்கு முன்பே மூட்டைகளுக்கு அடியில் பலகை போட்டு, மேலே தார்ப்பாய் மூடி, ஓரத்தில் கல் வைத்துவிடுவார். இந்தத் தெருவில் ஈரத்தை அவரளவுக்குப் பகைத்துக்கொண்ட மனிதர் இல்லை.

அப்பேர்ப்பட்டவர் காரின் பிரேக் ஆயிலைப் பதினைந்து வருஷமாக மாற்றவில்லை.

மாற்றவில்லை என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். "மேல கொஞ்சம் ஊத்து பாய்!" என்று வருஷத்துக்கு ஒருமுறை ஊற்றச் சொல்கிறாரே! எங்கள் ஊர் சைதாப்பேட்டை மெக்கானிக் பாய் பானெட்டைத் தூக்கி, அந்த வெள்ளை டப்பாவில் கோடு எங்கே இருக்கிறது என்று பார்ப்பார். "மொதலாளி, அளவு கொறையுதுன்னா ஒண்ணு எங்கியோ ஒழுவுது, இல்லேன்னா பிரேக் பேட் தேயுது. மேல ஊத்தினா கோடு வரும், பேட் வராது." மாமா பெரிய மனது பண்ணிச் சிரிப்பார். "நீ ஊத்து பாய். அதெல்லாம் ஒண்ணும் ஆகாது."

மற்றபடி வண்டியை அவர் கவனிக்காமல் இல்லை. அமாவாசைக்கு அமாவாசை டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவார். ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம், திருஷ்டிப் பூசணிக்காய் எல்லாம் உண்டு. ஒரு வருஷம் நானே பார்த்தேன், பிரேக் ஆயில் டப்பாவின் மூடிக்கும் ஒரு குங்குமப் பொட்டு வைத்தார். மூடியைத் திறந்து உள்ளே மட்டும் பார்க்கவில்லை.

உள்ளே நடப்பது அவருக்கு நன்றாகத் தெரிந்த சங்கதிதான். பிரேக் ஆயில் என்று நாம் சொல்வது எண்ணெயே இல்லை. கிளைக்கால் வகை ரசாயனக் கலவை. வெல்லம், உப்பு மாதிரி அதுவும் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். மூடியில் காற்றுப் போக விட்டிருக்கும் வழியில் கொஞ்சம், ரப்பர் குழாய் வழியாகக் கொஞ்சம் என்று ஈரம் சத்தமில்லாமல் சேரும். 'டாட் 3' என்று பாட்டிலில் போட்டிருக்கும் புது ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் 140-லேயே கொதிக்கலாம். அதனால்தான் பெரும்பாலான வண்டிகளுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். வேலூரைப் பற்றித் தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று ஒரு பழைய கேலி உண்டு. பாலாற்றில் காணாமல் போன தண்ணீரில் கொஞ்சம் மாமாவின் பிரேக் டப்பாவில் இருந்தது.

ஆனால் லாங் பஜாரில் இது வெளியே தெரியாது. ஊர்ந்து போகிற வண்டியில் பிரேக் சூடாவதே இல்லை. மாமாவின் பிரேக் பதினைந்து வருஷமாகப் பரீட்சையே எழுதாமல் பாஸாகிக்கொண்டிருந்தது.

பரீட்சை ஒரு மே மாதம் ஏலகிரியில் வந்தது. போகிற வழியில் ஆம்பூரில் பிரியாணி. கத்தரிக்காய்த் தொக்கைத் தொட்டுக்கொண்டே, மாமாவுக்குப் பிரேக் மேல் அக்கறை வரட்டும் என்று நான் ஒரு தோல் கதையை எடுத்துவிட்டேன். 1917-ல் அமெரிக்காவில் மால்கம் லாக்ஹெட் என்பவர் திரவத்தால் வேலை செய்யும் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். அதில் திரவம் கசியாமல் அடைக்கத் தோலில்தான் கிண்ணம் செய்து வைத்தார்கள். தோல் காய்ந்து சுருங்கி ஒழுகியது. 1924-ல் வந்த கிரைஸ்லர் காருக்கு ரப்பர் போட்ட பிறகுதான் நிம்மதி. மாமா எலும்பைத் தட்டில் வைத்துவிட்டுக் கேட்டார்: "தோலு எந்த ஊர்ல பதம் பண்ணது? நம்ம ஆம்பூர் தோலா இருந்தா ஒழுகியிருக்காது."

ஏலகிரிக்குப் பதினாலு கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் ஒரு புலவர், ஒரு வள்ளல் என்று பெயர்ப்பலகை. ஏறும்போது ஒரு குறையும் இல்லை. இறங்கும்போதுதான் மாமா தன் குலவித்தையைக் காட்டினார். வண்டியை நியூட்ரலில் போட்டார். "பெட்ரோல் மிச்சம்டா!" இன்ஜின் இழுத்துப் பிடிக்கிற வேலையும் சேர்ந்து பிரேக் தலையில் விழுந்தது. நாலைந்து வளைவுக்குள் கருகின வாடை. "எவனோ லாரிக்காரன்" என்றார் மாமா. முன்னாலும் பின்னாலும் லாரியே இல்லை.

வள்ளல் பெயர் தாங்கிய ஒரு வளைவில் பிரேக் கஞ்சத்தனம் காட்டியது. மாமா மிதித்தார். பெடல் தரை வரை போய் உட்கார்ந்தது, வண்டி உட்காரவில்லை. அத்தை முருகனைக் கூப்பிட்டாள். நான் "கியர் போடுங்க மாமா, ஹேண்ட் பிரேக்!" என்று கத்தினேன். மாமா ஆரன் அடித்தார். முப்பது வருஷப் பழக்கம்! அப்புறம்தான் செகண்ட் கியர் விழுந்து, இன்ஜின் அலறி, ஹேண்ட் பிரேக்கும் பிடித்து, வண்டி மலையோரக் காவாயில் முன்சக்கரத்தை இறக்கி நின்றது.

கொதித்த ஆயிலில் ஆவிக் குமிழி கிளம்பிவிட்டால் அவ்வளவுதான். திரவத்தை அமுக்கினால் சுருங்காது, அழுத்தம் அப்படியே சக்கரத்துக்குப் போகும். ஆவி சுருங்கிக்கொள்ளும், காலில் கொடுத்த பலமெல்லாம் அதை நசுக்குவதிலேயே தீரும். இதில் மாமாவுக்குச் சாதகமான ஒரு விஷயமும் இருக்கிறது. ஆறினால் ஆவி மறுபடி திரவமாகிவிடும்.

முக்கால் மணி நேரம் கழித்து மாமா பெடலை மிதித்துப் பார்த்தார். கல் மாதிரி நின்றது. என் பக்கம் திரும்பினார். "பாத்தியா? நான்தான் சொன்னேனே, ஒண்ணும் ஆகாதுன்னு."

அத்தை காரில் ஏற மறுத்துவிட்டாள். பஸ்ஸில் வீடு போய்ச் சேர்ந்து, மறுநாள் காலை காபி கொடுக்கவில்லை. பத்து மணிக்கு வண்டி பாய் கடையில் நின்றது.

பையன் டீ வாங்கப் போயிருந்ததால் பெடல் மிதிக்கிற வேலை மாமாவுக்கே வந்தது. பாய் பின்சக்கரத்தடியில் படுத்து, நிப்பிளில் கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயைச் சொருகி, மறுமுனையை ஒரு தண்ணீர் பாட்டிலில் விட்டார். "அமுக்குங்க மொதலாளி... இன்னொரு தபா... புடிங்க, வுடாதீங்க..." ஸ்பானர் கால் சுற்றுத் திரும்பியது. குழாயில் கருகின பாகு நிறத்தில் ஒன்று வழிந்தது, இடையிடையே காற்றுக் குமிழி. ஸ்பானரைத் திருப்பி இறுக்கிவிட்டு, "ம், இப்ப வுடுங்க" என்றார். நாலு சக்கரத்துக்கும் இதே பாட்டு. கடைசியில் குழாயில் இளந்தேன் நிறத்தில் புது ஆயில் வந்தது.

மாமா இறங்கி வந்து பழைய ஆயில் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் நனைத்துத் தேய்த்தார். அவர் முகத்தில் முதல்முறையாக வியாபாரக் களை வந்தது. "ஈரம் குடிச்ச சரக்கு பாய் இது! இதையா இத்தனி நாளு ஓட்டிக்கினு இருந்தே?"

பாய் பதில் சொல்லவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, புது பாட்டிலில் மிச்சமிருந்த ஆயிலைக் குப்பை டிரம் பக்கம் எடுத்துப் போனார். மாமா பாய்ந்து பிடித்தார்.

"இன்னாத்துக்குத் தூக்கிப் போடுறே? காசு குடுத்து வாங்கினது!"

"தொறந்தது நிக்காது மொதலாளி. காத்து ஈரத்த இழுத்துக்கும்."

"அட, மூடி வச்சிக்கினா ஆச்சு."

பாட்டில் மண்டியில், லட்சுமி படத்துக்குக் கீழே இடம் பிடித்தது. மூடி அன்றைக்கே எங்கோ தொலைந்துவிட்டது. வாயில் ஒரு துண்டு தினத்தந்தி சொருகியிருக்கிறது. நேற்று சாயங்காலம் வானம் கறுத்ததும் மாமா பையனைக் கூப்பிட்டு வெல்ல மூட்டைகள் மேல் தார்ப்பாயை இழுத்து மூடச் சொன்னார். தானே நின்று நாலு ஓரத்துக்கும் கல் வைத்தார். பாட்டிலைக் கொஞ்சம் தள்ளி, ஜன்னலோரமாக வைத்தார்.