கழுவிய பிலிம், கழுவாத பழி

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவு சாத்தியிருந்தால், உள்ளே நான் பிலிம் கழுவுகிறேன் என்று அர்த்தம். மாமனார் ஒரு பெருமூச்சு விட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மொட்டைமாடிக் குழாய்க்குப் போய்விடுவார். ரீலில் ஏற்றி டேங்கை மூடும்வரைதான் இருட்டு வேண்டும், பிறகு சமையல்கட்டிலேயே கழுவலாம் என்பதை நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

கறுப்பு வெள்ளை பிலிமை வீட்டில் கழுவுகிறவனுக்குப் படத்தைவிடச் சாக்குதான் தெளிவாக விழும். என் முதல் சுருள் முழுக்கப் பிறை பிறையாகக் கறை. இருட்டில் ரீலில் ஏற்றும்போது நெரித்து மடக்கிய இடம் ஒவ்வொன்றும் ஒரு பிறை. "ஒரே ராத்திரியில இத்தனை மூணாம்பிறையா?" என்றாள் மனைவி. இரண்டாவதில் பொட்டுப் பொட்டாக வட்டங்கள். டெவலப்பர் ஊற்றியதும் டேங்கை லேசாகத் தட்டியிருக்க வேண்டும். தட்டாததால் காற்றுக்குமிழி ஒட்டிக்கொண்டு, அடியில் மருந்தே படவில்லை. மூன்றாவது பால் கலந்தாற்போல் மங்கல். அதற்கு மட்டும் பரிகாரம் உண்டு. படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போவுக்கு வயசாகிவிட்டது, புதிதாகக் கரைத்து மறுபடி போட்டால் தெளிந்துவிடும்.

ஆனாலும் எல்லாவற்றுக்கும் நான் கைகாட்டும் நிரந்தரக் குற்றவாளி, சென்னைத் தண்ணீர். 1927-இல் வந்த டி-76 டெவலப்பரில், எச்பி5 பிலிமை 20 டிகிரியில் ஏழரை நிமிடம் வைக்கச் சொல்கிறது அட்டவணை. ஏழரை! அந்த எண்ணைப் பார்த்தபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும். மே மாதம் எங்கள் குழாயில் வருவது தண்ணீரல்ல, ரசம். அந்தச் சூட்டில் அதே ஏழரை நிமிடம் ஊறினால், நெகடிவில் கரியாகும் முகம் பிரிண்டில் சுண்ணாம்பாகும். அதனால் சர்பத்துக்கு வைத்திருந்த ஐஸ்கட்டியெல்லாம் டெவலப்பர் பாட்டிலைச் சுற்றி வாளிக்குள் போகும்.

இப்படியிருக்க, மச்சினன் மகள் காதுகுத்துக்கு நான்தான் போட்டோகிராபர். கழுவி எடுத்தால், 36 படமும் இருக்க வேண்டிய இடம் கண்ணாடிபோலப் பளபளவென்று காலி.

"தண்ணி சரியில்லை" என்றேன். "மருந்தும் பழசு."

மனைவி அதை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தாள். "அப்புறம் ஓரத்துல நம்பர் மட்டும் எப்படிங்க கறுப்பா, அழகா வந்திருக்கு?"

நான் சொல்லிக்கொடுத்த பாடம்தான். அந்த நம்பர்களைத் தொழிற்சாலையிலேயே ஒளியால் பதித்துவிடுகிறார்கள். மருந்து கெட்டிருந்தாலோ, டெவலப்பருக்கு முன்னால் ஹைப்போவை ஊற்றியிருந்தாலோ அவையும் வந்திருக்காது. நம்பர் இருந்து படம் இல்லையென்றால் மருந்து நிரபராதி. கேமராவுக்குள் பிலிமில் வெளிச்சமே விழவில்லை. பிலிமின் நாக்கு எதிர்ப்பக்கச் சுருளில் மாட்டவேயில்லை. மாட்டியிருந்தால், ஒவ்வொரு முறை லீவரைத் தள்ளும்போதும் இடதுபக்கக் குமிழ் கூடவே சுற்றும். 36 தடவை தள்ளினேன். ஒரு தடவைகூட அதைப் பார்க்கவில்லை.

போன மாதம் இன்னொரு விசேஷம். மாப்பிள்ளை, பெண், வரிசையில் நிற்கும் சொந்தங்கள் எல்லோரும் கேட்கும்படி, ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் பக்கத்திலிருந்து ஒரு குரல்:

"சுத்துதுங்க. எடுங்க."