தொண்ணூற்றைந்து சதவீத மனிதர்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் சேப்பாக்கம் வளாகத்தில் யாரையாவது நிறுத்தி, "லைப்ரரி திறந்திருக்கா?" என்று கேளுங்கள். மற்ற துறைக்காரர்கள் ஒரு வார்த்தையில் முடித்துக்கொண்டு நடையைக் கட்டுவார்கள். "பொதுவா இந்த நேரத்துல திறந்திருக்கும். ஆனா நேத்து திறந்திருந்ததை மட்டும் வெச்சு இன்னைக்கு உறுதியாச் சொல்ல முடியாது" என்று ஒருவர் இழுத்தால், அவர் எம்.எஸ்ஸி. புள்ளியியல்தான் என்று நாம் உறுதியாகச் சொல்லிவிடலாம்.

அவருடைய பையில் குப்தா-கபூர் இருக்கும். இந்தியாவில் புள்ளியியல் படித்தவர்களில் அந்தப் பெயர்களைக் கேள்விப்படாதவர் இல்லை. மூன்று சீனியர்களின் அடிக்கோடுகளோடு கைமாறி வந்த புத்தகம். முதல் பக்கத்தில் முன்பிருந்தவர்களின் பெயர்கள் கல்வெட்டுபோல வரிசையாக இருக்கும். கூடவே ஒரு கால்குலேட்டர். உயிர் நண்பனுக்குப் பைக்கைக் கொடுப்பார், கால்குலேட்டரைக் கொடுக்க மாட்டார். சொந்த அண்ணனின் செல்போன் எண் நினைவிருக்காது. நடுராத்திரியில் தட்டி எழுப்பினாலும் 1.96 என்ற எண்ணைத் தூக்கக் கலக்கம் இல்லாமல் சொல்வார்.

அதே வளாகத்தில்தான் ராமானுஜன் பெயரிலான கணித உயராய்வு நிறுவனமும் இருக்கிறது. அங்கே ஒன்றை நிரூபித்துவிட்டால் அதோடு பேச்சு முடிந்தது. நம்மவர் மூன்று பக்கம் கணக்குப் போட்டு, "நல் ஹைபாதிசிஸை நிராகரிக்கப் போதிய ஆதாரம் இல்லை" என்ற இடத்தில் வந்து நிற்பார். அப்படியானால் அது உண்மையா என்று கேட்டால், "அப்படிச் சொல்லலையே!" என்று பதறுவார்.

பஸ் நிறுத்தத்தில் அவர் பக்கத்தில் நிற்காமல் இருப்பது நல்லது. பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் என்றால் சராசரியாக ஐந்து நிமிடம் காத்திருந்தால் போதும் என்றுதானே நாம் நினைப்போம்? பஸ்கள் தாறுமாறாக வருகிற ஊரில் அந்தக் கணக்கு செல்லாது என்பார். இரண்டு பஸ் ஒட்டிக்கொண்டு வரும், பிறகு அரை மணிக்கு ஒன்றும் வராது. அந்த நீண்ட இடைவெளியில் வந்து மாட்டுகிறவர்கள்தான் அதிகம். குட்டி இடைவெளியில் வந்து சேர ஒரு கொடுப்பினை வேண்டும். பஸ்கள் முழுக்க முழுக்கத் தற்செயலாக வந்தால் சராசரிக் காத்திருப்பே பத்து நிமிடம் ஆகிவிடும். இதை அவர் கையை ஆட்டி விளக்கி முடிப்பதற்குள் பஸ் போய்விடும். அடுத்ததற்கு எவ்வளவு நேரம் என்று அவரிடம் கேட்கக் கூடாது.

கேன்டீனில் அவர் அவிழ்த்துவிடும் கதை ஒன்றுதான். 1908-இல் 'மாணவர்' என்ற புனைபெயரில் டி-சோதனைக்கு வித்திட்ட கட்டுரையை எழுதியவர் டப்ளின் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த காஸெட் என்பவர். ஊழியர்கள் சொந்தப் பெயரில் கட்டுரை வெளியிட ஆலையில் அனுமதி இல்லை. தன் பாடத்துக்கும் பீருக்கும் உள்ள இந்த உறவை அவர் வீட்டில் மட்டும் சொல்வதில்லை.

அவருடைய மகத்துவம் தெரிய வேண்டுமானால், ஆராய்ச்சிக் கட்டுரைகள் சமர்ப்பிக்கும் மாதத்தில் பார்க்க வேண்டும். எங்கெங்கிருந்தோ முனைவர் பட்ட ஆய்வாளர்கள் கேள்வித்தாள் கட்டுகளோடு படையெடுப்பார்கள். மேலாண்மை, நர்சிங், உடற்கல்வி என்று பாகுபாடே கிடையாது. எல்லாக் கேள்விக்கும் ஐந்து விடைகள்: 'முற்றிலும் உடன்படுகிறேன்' தொடங்கி 'முற்றிலும் மறுக்கிறேன்' வரை. சாம்பிள் முப்பது இருந்தால் போதும் என்று யாரோ எப்போதோ சொன்னது எல்லோருக்கும் வேதவாக்கு. எதற்கு முப்பது என்று கேட்கிற ஒரே ஆள் நம்மவர்.

இப்படி வந்த ஒருவரின் இருநூறு படிவங்களை நம்மவர் புரட்டுகிறார்.

"அண்ணே, இதுல பாதிக்கு மேல ஒரே நீலப் பேனாவா இருக்கே?"

"எல்லாருக்கும் நான்தான் தம்பி பேனா குடுத்தேன்."

"கையெழுத்தையும் நீங்கதான் குடுத்தீங்களா?"

அண்ணன் சிரித்து மழுப்பிவிட்டு, பி-வேல்யூ எவ்வளவு வந்தது என்று விசாரிப்பார். 0.07. அது 0.05-க்குக் கீழே வந்தால்தான் கைடு ஒப்புக்கொள்வாராம். அங்கே தொடங்குகிறது பேரம், ஆட்டோக்காரரிடம் நடப்பதுபோல. "ரெண்டு பாயிண்டு தானே தம்பி, பார்த்துப் போடுங்க." முடியாது. "நாலு படிவத்தை எடுத்துட்டா?" கூடாது. "சரி, வேற ஏதாவது டெஸ்ட்?" நம்மவர் முகம் சிவந்துவிடும். ரொனால்டு ஃபிஷர் 1938-இல் இந்தியப் புள்ளியியல் மாநாட்டுக்கே வந்து, சோதனை முடிந்த பிறகு புள்ளியியலாளரைக் கூப்பிடுவது பிரேதப் பரிசோதனைக்கு அழைப்பது மாதிரி என்ற பொருளில் பேசிவிட்டுப் போனார். அண்ணனுக்கு அந்தக் கதையெல்லாம் வேண்டாம். அவருக்குப் பிணம் எழுந்து உட்கார்ந்து வைவாவுக்கு வர வேண்டும்.

என் கட்சி நம்மவர் கட்சிதான். ஆனாலும், அடுத்த வாரம் அந்த அண்ணன் வேறு யாரிடமோ 0.04 வாங்கிக்கொண்டு சிரித்த முகத்தோடு எதிரே வரும்போது, அறத்தின் நிலைமை கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

வீட்டில் அவருக்குக் கிடைக்கும் மரியாதை தனி. "வீடு வீடா வந்து தலை எண்ணுவாங்களே, அந்த வேலையா?" என்று பெரியப்பா கேட்பார். 'டேட்டா சயன்ஸ்' என்று சொல்லிப் பார்த்ததில் காபியோடு முறுக்கும் வந்தது. சும்மா இருந்திருக்கலாம். ஆனால் சீமந்த வீட்டில் இருபத்து மூன்று பெரியவர்களைக் கண்டதும் கை துறுதுறுத்தது. இத்தனை பேரில் இருவருக்காவது ஒரே பிறந்தநாள் வர பாதிக்கு மேல் வாய்ப்பு உண்டு என்பது பாடம். கேட்டுப் பார்த்தால் ஒரு ஜோடியா, ஒரு கும்பலே தேறியது! பாதிப் பேர் மே மாதம், ஜூன் மாதம். தலைக்கு மேலாகக் கையைச் சுற்றிக் காதைத் தொட்டுக் காட்டிய அன்று, ஹெட்மாஸ்டர் பார்த்துப் போட்டுக் கொடுத்த பிறந்தநாள்கள். வருடத்தின் எல்லா நாளும் சமம் என்று எழுதிய பாடநூல் ஆசிரியருக்கு நம்மூர் ஹெட்மாஸ்டரைத் தெரியாது.

அதே உற்சாகத்தில் அக்காவுக்கு வரன் பேசவந்த தரகரிடமும் வாயைக் கொடுத்தார். பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்றார் தரகர்.

"காசைப் பத்துத் தடவை சுண்டினாலே எட்டோ அதுக்கு மேலயோ தலை விழ 1024-க்கு 56 வாய்ப்பு இருக்குங்க. ஐந்தரை சதவீதம். ஐந்துக்கு மேல போகுது, அதனால இது தற்செயலாவும் இருக்கலாம். ஒன்பது வந்தா ஒரு சதவீதம்தான், அப்ப யோசிக்கலாம்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். தரகர் நிதானமாக வெற்றிலைக்கு நரம்பு கிள்ளினார்.

"தம்பி, பத்தும் ரெண்டு பேரோட நட்சத்திரம், ராசியிலேருந்துதானே பார்க்கிறோம்? பத்துக் காசு மாதிரி தனித்தனின்னு எப்படிச் சொல்றீங்க? அதுவும் போக, ரஜ்ஜு தட்டிடுச்சுன்னா மத்த ஒன்பது இருந்தும் வேண்டாம்பாங்க. எல்லாத்துக்கும் ஒரே மார்க்கா போடுவீங்க?"

நம்மவருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இரண்டு அனுமானங்கள், இரண்டும் காலி. வைவாவில்கூட இப்படி யாரும் மடக்கியதில்லை. நாற்காலியைத் தரகர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "நீங்க முடிச்சுவெச்ச ஜாதகமெல்லாம் பத்திரமா வெச்சிருக்கீங்களா? எவ்வளவு தேறும்?"

"ரெண்டு டிரங்குப் பெட்டி இருக்கு. எதுக்குத் தம்பி?"