திருநாளை வாங்குவார்

கடலூர் பேருந்து நிலையத்தில் சாயங்காலம் சிதம்பரம் வண்டியில் ஜன்னலோரம் இடம் பிடித்து, காதில் இயர்போனைச் செருகி, செல்போனை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு, அடிக்கடி புருவத்தைச் சுருக்கியபடி ஒருவர் வந்தால் சினிமா பார்க்கிறார் என்று நினைத்துவிட வேண்டாம். விசாரணை நடத்துகிறார். புதிதாக வந்திருக்கும் ஒரு வீடியோ கேமை வாங்கலாமா, கூடாதா என்பது வழக்கு. சாட்சிகள் யூடியூபில். ஆலப்பாக்கம் தாண்டும்போது கிராபிக்ஸைப் புகழ்கிறார்கள். புதுச்சத்திரத்தில் கதையைப் புகழ்கிறார்கள். பு.முட்லூர் நெருங்கும்போது ‘ஆனா ஒண்ணு மக்களே’ என்று குறைகளுக்கு வருகிறார்கள். வெள்ளாற்றுப் பாலம் ஏறுகையில் தீர்ப்பு மறுநாளைக்கு ஒத்திவைக்கப்படுகிறது.

வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். வேலை மஞ்சக்குப்பத்தில் ஏதாவது ஓர் அலுவலகம், இல்லையென்றால் சிப்காட்டில் ஓர் ஆலை. வீடு சிதம்பரத்தில், தேரோடும் நான்கு வீதிகளிலிருந்து கூப்பிடு தூரம். வீட்டுக் கடன் உண்டு, எல்கேஜி போகும் பிள்ளை உண்டு, ஹால் மூலையில் ஒரு லேப்டாப் உண்டு. அதில் அவர் ஆபீஸ் வேலை பார்க்கிறார் என்பது வீட்டில் ஐதீகம்.

அவர் பிரியப்படுவது ரோல் பிளேயிங் கேம் என்ற வகை. சுடுவது, கார் ஓட்டுவது எல்லாம் பொடிப் பசங்க சமாசாரம் என்பார். இதில் ஒரு பாத்திரத்தை நாமே உருவாக்கி, மந்திரமும் பூதமும் திரியும் உலகத்தில் இறக்கிவிட்டு, ஊர் ஊராக நடத்தி, கண்ணில் பட்ட பெட்டியையெல்லாம் திறந்து, எதிர்ப்பட்டவரிடமெல்லாம் வாய் கொடுத்து, நூறு மணி நேரம் கழித்துப் பெரிய வில்லனிடம் போய்ச் சேர வேண்டும். அம்புலிமாமாவில் வேதாளம் மறுபடி மறுபடி மரத்தில் ஏறியதைப் பொறுமையாகப் படித்து வளர்ந்த தலைமுறைக்கு இது ஒன்றும் புரியாத விஷயமில்லை.

நண்பர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் திருநாளை வாங்குவார். அறுபத்து மூவரில் நந்தனாருக்குத் திருநாளைப்போவார் என்று பெயர்; தில்லைக்கு நாளைப் போவேன், நாளைப் போவேன் என்றே நாள் கடத்தியதால் வந்தது. ஒற்றுமை பெயரோடு சரி. ஆதனூர்க்காரரின் வழியை மறித்து நின்றது ஊரும் சாதியும். இவர் வழியில் ஒரு நந்திகூடக் கிடையாது. யூபிஐ எண்ணைத் தட்டினால் கேம் கைக்கு வந்துவிடும். தட்ட வேண்டிய விரல்தான் வர மறுக்கிறது.

உதாரணத்துக்கு பால்டர்ஸ் கேட் 3. பெல்ஜியத்தில் கெண்ட் நகரத்து லேரியன் ஸ்டுடியோஸ் உருவாக்கியது. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பழைய மேசை விளையாட்டின் விதிகளை வைத்துக்கொண்டு, பூட்டைத் திறப்பதா, எதிரியை ஏமாற்றுவதா, எல்லாவற்றுக்கும் இருபது முகப் பகடையை உருட்டச் சொல்லும் கேம். அரைகுறைப் பதிப்பு 2020 அக்டோபரிலேயே விற்பனைக்கு வந்துவிட்டது. நம்மவர் அன்றே ஸ்டீம் என்ற இணையக் கடையின் விஷ்லிஸ்டில் போட்டுவிட்டார்.

“முழுசா வரட்டும்டா மாப்ள.”

முழுசாக வந்தது 2023 ஆகஸ்ட் 3, இந்திய நேரப்படி இரவு எட்டரை மணிக்கு. விலை 2,999 ரூபாய். அன்று மாலையே அலுவலகத்திலிருந்து சீக்கிரம் கிளம்பி, ரசம் சாதத்தை அள்ளிப் போட்டுக்கொண்டு, எட்டு இருபதுக்கே லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிட்டார். எட்டரை ஆனது. ‘வாங்கு’ என்ற பச்சைப் பொத்தான் கண்முன்னே நின்றது. அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“மொத ரெண்டு பேட்ச் வரட்டும், ஓட்டையெல்லாம் அடைக்கட்டும்” என்று நண்பனுக்குச் செய்தி அனுப்பிவிட்டுப் படுத்துவிட்டார்.

இதைக் கஞ்சத்தனம் என்று தள்ளிவிடுவது நியாயமில்லை. இந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்ததே கேம் கம்பெனிகள்தான். 2020 டிசம்பர் 10 அன்று சைபர்பங்க் 2077 வெளியானபோது, பழைய பிளேஸ்டேஷனில் அது நொண்டிய நொண்டலைப் பார்த்து, ஒரு வாரத்தில் சோனி தன் கடையிலிருந்தே அதைத் தூக்கிவிட்டது. வாங்கியவர்களுக்குப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தது. மறுபடி அலமாரிக்கு வர அடுத்த ஜூன் ஆனது. அதே கேமை இரண்டு மூன்று வருடம் கழித்துப் பாதி விலையில் வாங்கியவர்கள் ஒழுங்காக ஆடி முடித்தார்கள். ஆக, முதல் நாள் முழு விலை கொடுப்பவன் சோதனை எலி; பொறுத்தவனுக்கு நல்ல சரக்கு. கடலூர் முதுநகரில் விடியற்காலையில் செவுளைத் தூக்கிப் பார்த்து வஞ்சிரம் வாங்கும் குடும்பத்தில் பிறந்தவர் அவர். மீன் நேரமாக ஆக நாறும், கேம் நேரமாக ஆகத் தேறும் என்ற வித்தியாசம் அவருக்கு மற்றவர்களுக்கு முன்பே பிடிபட்டுவிட்டது.

அதோடு அவருக்கு ஒரு பழைய காயமும் உண்டு. வாழ்க்கையில் ஒரே ஒருமுறை, யோசிக்காமல், வந்த சூட்டோடு ஒரு கேம் வாங்கினார். ஸ்கைரிம். வெளியான நாள் 11-11-2011. அப்போது கல்யாணம் ஆகவில்லை, திருப்பாதிரிப்புலியூரில் ரூம். தீ மூச்சுவிடும் டிராகன்களை மலை மலையாக ஏறி விரட்டிக்கொண்டிருந்தார். டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன, மின்கம்பங்கள் வரிசையாகப் படுத்தன. மாவட்டத்தின் பல பகுதிகளில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. நாட்டுக்கே மின்சாரம் தரும் நெய்வேலி இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது என்பதை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எல்லோரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். கரண்ட் வந்தபோது எந்த மலையில், எதற்காக நின்றுகொண்டிருந்தோம் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. அன்றிலிருந்து ஐப்பசி பிறந்தால் எந்த கேமையும் தொடுவதில்லை. “மழ முடியட்டும்” என்பார்.

மழை முடிந்தால் கணக்கு ஆரம்பம்.

பால்டர்ஸ் கேட் 3-க்கு 150 ஜிபி இடம் வேண்டும். லேப்டாப்பில் இருப்பதே 256. அதில் பிள்ளையின் பிறந்தநாள் வீடியோக்கள் பாதி. செல்போனில் நாளுக்கு 1.5 ஜிபி பேக் போட்டிருக்கிறார். அதை வைத்து இறக்கினால் சரியாக நூறு நாள். வீட்டு பிராட்பேண்டில் 50 எம்பிபிஎஸ் ஒழுங்காக வந்தால் கிட்டத்தட்ட ஆறே முக்கால் மணி நேரம். ‘ஒழுங்காக’ என்ற இடத்தில் பெருமூச்சு விடுவார்.

அடுத்தது கிராபிக்ஸ் கார்டு. கேம் கேட்பது குறைந்தபட்சம் ஜிடிஎக்ஸ் 970. அவரிடம் இருப்பது 1650. இந்த இடத்தில் மனைவி டம்ளரை வைத்துவிட்டு ஒரு நிமிடம் நின்றார்.

“என்னங்க, தொள்ளாயிரத்து எழுபது கேக்குறான். நம்மகிட்ட ஆயிரத்து அறுநூத்தம்பது இருக்கு. அப்புறம் என்ன?”

“இல்லம்மா, நம்பர்லதான் நம்மளது பெருசு. வேகத்துல அதுதான் பெருசு. அது 2014-ல வந்தது, நம்மளது 2019.”

“அப்ப புதுசு மெதுவா போகும், பழசு வேகமாப் போகும்?”

“ஆமா.”

“அப்புறம் நம்பர் எதுக்கு வெச்சான்?”

அவரிடம் பதில் இல்லை. உலகத்தில் யாரிடமும் இல்லை. அந்த இரவு ‘1650-ல் ஓடுமா’ என்று பத்துப் பதினைந்து வீடியோ பார்த்தார். எல்லாவற்றிலும் ஓடியது, ஒருமாதிரி ஓடியது. பூதத்தின் முகத்தில் மூக்கு மட்டும் வர லேட்டாகும், அவ்வளவுதான்.

இடையில் குறுக்குவழி காட்ட ஒருவன் வருவான். சித்தி பையன், காலேஜ் படிக்கிறவன். “அண்ணே, எதுக்குண்ணே மூவாயிரம், கிராக் போட்டுறலாம்” என்பான். அவனைத் திட்ட இவருக்கு வாய் வராது. 2006-இல் அண்ணாமலை நகர் விடுதியில், மார்க்கர் பேனாவால் பெயர் எழுதிய டிவிடியில் ஆப்லிவியனை ஆடியவர்தானே இவரும். ஒரு அறையில் ஒரு கம்ப்யூட்டர், கட்டிலில் ஆறு பேர், மவுஸ் ஒருவன் கையில், யோசனை மற்ற ஐவர் வாயில். அந்த கேமில் குதிரைக்குக் கவசம் என்று ஒன்றைத் தனியாக இரண்டரை டாலருக்கு விற்றார்கள் என்று கேள்விப்பட்டு விடுதியே சிரித்தது. அப்போது சிரித்த உலகம் இப்போது கவசம், தலைமுடி, தொப்பி என்று தனித்தனியாகக் காசு கொடுத்துக்கொண்டிருக்கிறது. சம்பளம் வாங்க ஆரம்பித்ததிலிருந்து அவர் கிராக் தொடுவதில்லை. ஸ்கைரிமுக்குப் பிறகு வாங்கவும் இல்லை என்பது வேறு விஷயம்.

தள்ளுபடிக் காலங்களை அவர் பஞ்சாங்கம் போல் மனப்பாடமாக வைத்திருப்பதற்கு ஊரும் ஒரு காரணம். ஸ்டீமின் மிகப் பெரிய தள்ளுபடிகள் வருடத்துக்கு இரண்டு: ஜூன் கடைசியில் ஒன்று, டிசம்பர் கடைசியில் ஒன்று. நடராஜருக்குத் தேரோடும் பெரிய திருவிழாக்களும் இரண்டு: ஆனித் திருமஞ்சனம், மார்கழி ஆருத்ரா தரிசனம். இரண்டும் முன்பின்னாகச் சேர்ந்தே வந்துவிடும். 2023 டிசம்பர் 27 அன்று ஆருத்ரா. முந்தின நாள் கீழரத வீதியில் தேர் நிற்கிறது, கூட்டம் நகர்கிறது, அம்மா கையைப் பிடித்திருக்கிறார், இவருடைய மற்றொரு கை பாக்கெட்டுக்குள் செல்போனைத் தடவிக்கொண்டிருக்கிறது.

“தம்பி, வடம் பிடிக்கலாம் வா.”

“இதோ வரேம்மா.”

பத்து சதவீதம் தள்ளுபடி. 2,699. ‘பத்துக்கு எவன் வாங்குவான்’ என்று செல்போனை உள்ளே தள்ளிவிட்டு வடத்தைப் பிடித்தார்.

தள்ளுபடி பிறகு இருபது சதவீதமாயிற்று. 2,399. அதற்குள் தி கேம் அவார்ட்ஸில் ஆண்டின் சிறந்த கேம் விருதை அது வாங்கி, ஊரெல்லாம் ஆடி முடித்து, முடிவு என்ன என்பதும் அவர் காதில் விழுந்துவிட்டது. முடிவுகளின் வகைகள் மட்டும் 17,000 இருப்பதாக லேரியன் சொல்லியிருந்ததால் அவர் அசரவில்லை. “ஒண்ணுதானே தெரியும். இன்னும் பதினாறாயிரத்துச் சொச்சம் பாக்கி இருக்கு.” ஒருநாள் இரவு, அம்மா தூங்கிய பிறகு, பிள்ளை தூங்கிய பிறகு, யூபிஐ எண்ணைத் தட்டினார். 600 ரூபாய் மிச்சம். பணம் போன செய்தி மனைவியின் செல்போனில்தான் முதலில் ஒலித்தது. வங்கிக் கணக்கு இருவர் பெயரிலும் இருந்தது.

“என்னங்க இது, ரெண்டாயிரத்து முன்னூத்துத் தொண்ணூத்தி ஒம்போது?”

“தள்ளுபடிம்மா.”

ஸ்டீமில் ஒரு நல்ல விதி 2015-லிருந்து இருக்கிறது. பிடிக்கவில்லை என்றால் பதினான்கு நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம், ஆடியது இரண்டு மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். அவர் இவ்வளவு துணிந்ததே இந்த விதியை நம்பித்தான். கேமைத் திறந்தார். முதலில் பாத்திரத்தை உருவாக்கச் சொன்னது. பதினொரு இனம், பன்னிரண்டு தொழில். ஆளைப் பற்றி எல்லாம் தெரிந்துகொள்ளாமல் எப்படித் தேர்ந்தெடுப்பது? குட்டையரா, நெட்டையரா? மந்திரவாதியா, பாடகரா? முகத்தில் இரண்டாவதா, நான்காவதா? முடி, கண், மீசை என்று ஒவ்வொன்றாகப் பரிசீலித்தார். ஒரு தாடியை வைத்தார், எடுத்தார், பாதி வைத்தார். தண்ணீர் குடிக்க எழுந்த மனைவி திரையைப் பார்த்துவிட்டு, “யாரு, உங்க பெரியப்பாவா?” என்று கேட்டுவிட்டுப் போனதில் மறுபடி முகத்திலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. அம்மா திடீரென்று எழுந்து வந்தால் என்ன ஆவது என்று, திரையில் ஆடையின்றி யாரையும் காட்டாதே என்ற அமைப்பைத் தேடிப் போட அதில் கொஞ்ச நேரம். கதை ஆரம்பிக்கும் முன்பே இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. திருப்பிக் கொடுக்கும் வாய்ப்பு போயிற்று. அவருக்கே தெரியாமல், அந்த முகத்தின் தயவில், ஒரு கேம் அவருக்குச் சொந்தமாயிற்று.

ஒரு கணக்கை மட்டும் அவர் கடைசிவரை போடவில்லை. பிள்ளை தூங்கி, பாத்திரம் கழுவி, மறுநாள் காலை வண்டிக்கு அலாரம் வைத்த பின் கிடைப்பது நாளுக்கு அரை மணி நேரம். நூறு மணி நேரக் கதைக்கு இருநூறு இரவு. இப்போது அவருடைய பெரியப்பா ஜாடை வீரர் முதல் காட்டில் ஓர் ஆற்றங்கரையில் நிற்கிறார். அடுத்து யாரிடம் பேசுவது என்று முடிவாகவில்லை.

இதற்கிடையே 2025 ஏப்ரல் 22 அன்று, முன்கூட்டி எந்தத் தேதியும் சொல்லாமல், அதே ஆப்லிவியனைப் புதுப்பித்து இறக்கிவிட்டார்கள். இரண்டே நாளில் பிரான்ஸிலிருந்து எக்ஸ்பெடிஷன் 33 என்ற இன்னொரு கேம் வந்தது. ஒரே வாரத்தில் இரண்டு வழக்கு. விடுதியில் ஓசியில் ஆடியதற்கு இப்போதாவது காசு கொடுப்பது தர்மம் என்று ஒருபக்கம், கார்டு தாங்காது என்று மறுபக்கம். எட்டு மணி வண்டியில் மறுபடி ஜன்னலோரம்.

ஆப்லிவியனும் ஸ்கைரிமும் அடங்கிய எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசையின் ஆறாம் பாகம் பற்றி மட்டும் அவருக்கு எந்தப் பதற்றமும் இல்லை. அவற்றை உருவாக்கிய பெதஸ்டா அதை 2018 ஜூனில் அறிவித்தது. மலைகளைக் காட்டும் ஒரு சின்ன டிரெய்லர், அதோடு சரி. கேம் இன்னும் வந்தபாடில்லை. நண்பர்கள் எரிச்சல் படுகிறார்கள். அவர் மட்டும், தன்னைவிட நிதானமான ஓர் ஆளைக் கண்டுபிடித்த மரியாதையோடு, “அவசரப்பட வேணாம், நிதானமாப் பண்ணட்டும்” என்கிறார். மனசுக்குள் விஷ்லிஸ்டில் போட்டாகிவிட்டது.