குக்கரை அதட்டியவள்

எனக்கு ஏதோ சரியில்லை என்பதை முதலில் கண்டுபிடித்தது எங்கள் வீட்டு குக்கர். ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அது மூன்றாவது விசில் அடித்தபோது, நான் உதட்டில் விரலை வைத்து, "ஷ்ஷ்… மத்தவங்க படிக்கிறாங்கல்ல?" என்று அதட்டினேன். மறுநாள் காலை மகள் டிபன் டப்பாவை எடுக்க வந்தபோது, "கையெழுத்துப் போட்டுட்டு எடுத்துக்கோ" என்றேன். அவள் நேரே அவள் அப்பாவிடம் போய், "அம்மாவை டாக்டர்கிட்ட காட்டணும்ப்பா" என்றாள்.

சிற்றூர் ஒன்றில் கிளை நூலகர் நான். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். சேர்ந்த புதிதில் பிள்ளைகள் 'லைப்ரரி அக்கா' என்றார்கள். பிறகு 'ஆன்ட்டி'. போன மாதம் ஒரு பொடியன், "பாட்டி, சிந்துபாத் புக் இருக்கா?" என்றான். பதவி உயர்வு இந்த வேகத்தில் வந்திருந்தால் நான் இந்நேரம் இயக்குநர்.

என்ன வேலை என்று சொன்னதுமே எல்லோரும் பெருமூச்சு விடுவார்கள். "உங்களுக்கென்ன மேடம், நாள் பூரா உட்கார்ந்து புக் படிக்கலாம்." மிட்டாய்க்கடைக்காரரைப் பார்த்து, உங்களுக்கென்ன, நாள் பூரா ஜிலேபி சாப்பிடலாம் என்று யாரும் சொல்வதில்லை.

காலையில் பூட்டைத் திறக்கும்போதே படியில் நாலு பெரியவர்கள் இருப்பார்கள். ஒரே நாளிதழை நாலாகப் பிரித்துக்கொள்வதில் தினமும் ஒரு பாகப்பிரிவினை நடக்கும். ராசிபலன் பக்கம் கிடைத்தவர் தரவே மாட்டார். ஒருவருக்கு ஃபேன் அஞ்சில் ஓடவேண்டும், பக்கத்திலிருப்பவருக்குச் சளி. மெதுவாகப் பேசுங்கள் என்றால், "சொத்து வரியில ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி கட்டுறேன்மா" என்பார்கள். அந்தப் பத்துப் பைசாவில் என் காதும் அடக்கம் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறதோ தெரியவில்லை.

பத்து மணிக்குள் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். பிளக் பாயிண்ட் இரண்டு, செல்போன் பதினெட்டு. "நோட்டிஃபிகேஷன் எப்ப மேடம் வரும்?" என்று என்னிடம் கேட்பார்கள், நான்தான் டைப் அடித்துக்கொண்டிருப்பதுபோல. நடுவில் ஒருவர் வந்தார். சிவப்பு அட்டை, எழுதினவர் பேர் ஏதோ ராஜன், கடைசியில் அந்தப் பெண் செத்துப்போகும், அந்தப் புத்தகம் வேண்டும். அரை மணி நேரம் தேடி எடுத்துக் கொடுத்தேன். அட்டை பச்சை, எழுதியவர் ஒரு பெண்மணி, செத்துப்போவது மாமனார். "இதேதான்!" என்றார் மகிழ்ச்சியாக.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. பின்வரிசை மூலையில் ஒரு பெண் சில நாள் வந்து உட்காருவாள். வாரப்பத்திரிகையை ஒரே பக்கத்தில் விரித்து வைத்திருப்பாள், இரண்டு மணி நேரம் பக்கம் திரும்பாது. ஊரில் ஒரு பெண் காசில்லாமல், காரணம் சொல்லாமல் உட்கார இதைவிட்டால் கோயில்தான், அதையும் மத்தியானம் சாத்திவிடுகிறார்கள். நான் ஒன்றும் கேட்பதில்லை. ஒரு செம்புத் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்துவிடுவேன். அவளுடைய அந்த மௌனத்தை எந்தப் பதிவேட்டில் எழுதுவது என்று தெரியாததால், ராத்திரி வீட்டுக்கு என்னோடு எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன்.

மகள் சொன்னபடியே போய்க் காட்டினோம். டாக்டர் 'பர்ன் அவுட்' என்றார். 2019-இல் உலக சுகாதார நிறுவனம் இதைத் தன் நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் விளக்கி எழுதியிருக்கிறது. நோய் என்று சொல்லவில்லை, வேலையால் வரும் நிலை என்கிறது. அடையாளங்கள் மூன்று. சக்தி வற்றிப்போதல்: ஆயிற்று. வேலையிலிருந்து மனம் தூரமாகிப்போதல்: என் மனம் காலை பஸ்ஸிலேயே ஏறுவதில்லை, உடம்பு மட்டும்தான் டிக்கெட் எடுக்கிறது. வேலைத்திறன் குறைதல்: அதற்கு முந்தைய வாரம்தான் நூலக முத்திரையை என் தயிர்சாத டப்பா மூடியில் குத்தியிருந்தேன். மூன்றுக்கு மூன்று. பள்ளிக்கூடத்தில்கூட நான் இப்படி முழு மார்க் வாங்கியதில்லை.

மன அமைதி பற்றி எங்கள் நூலகத்திலேயே நல்ல புத்தகம் ஒன்று உண்டு. எடுத்துப் போனவர் மூன்று வருஷமாகத் திருப்பித் தரவில்லை. அவருக்கு அமைதி கிடைத்துவிட்டது. நினைவூட்டுக் கடிதம் நாலு எழுதிய எனக்குத்தான் இரத்தக் கொதிப்பு.

பிறகு மன அழுத்த மேலாண்மைப் பயிற்சி என்று ஒன்று வைத்தார்கள். யார் வைத்தார்கள் என்பதை விட்டுவிடுவோம், எனக்கு இன்னும் சர்வீஸ் இருக்கிறது. எங்களுக்கு வாரவிடுமுறை வெள்ளிக்கிழமை. பயிற்சியும் வெள்ளிக்கிழமை. நாற்காலி போட்டது, மைக் கட்டியது, கூட்டிப் பெருக்கியது எல்லாம் நாங்கள்தான். பயிற்சியாளர் கண்ணை மூடி மூச்சை ஆழ இழுக்கச் சொன்னார். நூலகத்துக்குள் மூச்சை ஆழ இழுக்கச் சொல்பவர் அலமாரிப் பக்கம் போனதே இல்லை என்று அர்த்தம். முப்பது நூலகர்களும் சேர்ந்து தும்மினோம். முடிவில், மன அழுத்தம் குறைந்ததா என்பதைப் படிவத்தில் மூன்று நகல் எழுதிக் கொடுத்தோம்.

எங்கள் வாசலுக்கு நேரே எஸ். ஆர். ரங்கநாதன் படம் மாட்டியிருக்கிறது. ஆகஸ்ட் 12 வந்தால் மாலை போடுவோம். சீர்காழிக்காரர், கணக்கு வாத்தியார். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் போய்ச் சேர்ந்தார். சேர்ந்த சில நாளிலேயே, வேலையே இல்லை, சலிப்புத் தாங்கவில்லை, பழையபடி மாநிலக் கல்லூரிக்கே வந்துவிடுகிறேன் என்று கேட்டாராம். லண்டன் போய்ப் படித்துவிட்டு வாருங்கள், அப்புறம் பார்க்கலாம் என்று அனுப்பிவைத்தார்கள். அங்கேதான் வந்தது எங்களுக்கு வினை. திரும்பி வந்தவர் பல்கலைக்கழக நூலகத்தில் இருந்த இருபது வருஷமும் விடுமுறையே எடுக்கவில்லை, கல்யாணத்தன்று மத்தியானமே நூலகத்துக்கு வந்துவிட்டார் என்றெல்லாம் சொல்வார்கள். மணப்பெண் என்ன சொன்னார் என்பதற்கு மட்டும் எங்களிடம் நூல் இல்லை.

1931-இல் அவர் ஐந்து விதிகளைப் புத்தகமாகப் போட்டார். நூல்கள் பயன்பாட்டுக்கு, வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்கான நூல், நூல் ஒவ்வொன்றுக்கும் அதற்கான வாசகர், வாசகரின் நேரத்தைச் சேமி, நூலகம் ஒரு வளரும் உயிரி. ஐந்திலும் தேடிவிட்டேன், நூலகரைக் காணோம். உயிரி வளர்ந்தது உண்மை. நான் சேர்ந்தபோது நாங்கள் மூன்று பேர். இன்று புத்தகம் இரண்டு மடங்கு, ஆள் நான் ஒருத்தி.

படத்தைப் பார்த்து மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஒரு அட்டையில் எழுதினேன்: "நூலகர் டீ குடிக்கப் போயிருக்கிறார். 15 நிமிடம்." சாயங்காலம் ஐந்து மணிக்கு அதை மேஜைமேல் நிறுத்திவிட்டு, நாளிதழ் படிக்க வரும் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியரிடம், "ஐயா, கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்றேன். எதிர்க்கடையில் நின்று குடித்ததில் நாக்கு வெந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷமாகப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் ஆறிப்போன டீயையே குடித்துவந்ததில், டீ சூடாக இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது.

திரும்பி வந்தபோது நூலகத்தில் ஊசி விழுந்தால் கேட்கும். ஐயா என் நாற்காலியில் இருந்தார். குரூப் 4 பிள்ளைகள் உயரவாரியாக உட்கார்ந்திருந்தார்கள். அட்டெண்டன்ஸ் எடுத்து முடித்து, பதினாறாம் வாய்ப்பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நாலாம் நாள் ஐந்து மணிக்கு நான் அட்டையை எடுத்ததும் இரண்டு பையன்கள் ஓடி வந்தார்கள், கையில் பிளாஸ்க்.

"மேடம், தினமும் நாங்களே டீ வாங்கிட்டு வந்துடறோம். வடையும் சேர்த்து. நீங்க வெளிய மட்டும் போகாதீங்க மேடம்."

பின்னால் ஐயா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு என் நாற்காலியைப் பார்த்தபடி எழுந்துகொண்டிருந்தார்.

"பிளாஸ்க் டீ வாசனை அடிக்கும்ப்பா" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டேன்.