அபாய வலயத்தில் ஒரு சிறப்புப் பட்டம்

தோட்டத்துப் பிள்ளைகள் சுற்றாடல் விஞ்ஞானம் படிக்கப் பல்கலைக்கழகம் போகிறார்கள். பாராட்டுவோம். உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவே இல்லாத பாடசாலைகள் மலிந்த இலங்கை மலைநாட்டிலிருந்து, பல்கலைக்கழக அனுமதிக்கான இஸட் புள்ளியோடு மல்லுக்கட்டி, ஒருவழியாக விரிவுரை மண்டபத்தில் போய் உட்கார்ந்தால் அங்கே பாடம் மண்சரிவு. திரையில் ஒரு லயம், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடு. "இது அபாய வலயம்" என்கிறார் விரிவுரையாளர். குறிப்பெடுத்துக்கொள், புள்ள. பரீட்சைக்கு வரும். மழைக்காலத்தில் வீட்டுக்கும் வரும்.

செங்குத்துச் சரிவில் காட்டை வெட்டினால் என்ன ஆகும்? இரண்டு மதிப்பெண் கேள்வி. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை போட்டபோது யாரும் இதைக் கேட்கவில்லை. 1873இல் வெள்ளைக்காரனுக்கே பயம் வந்து, 5000 அடிக்கு மேல் காட்டை விற்பதில்லை என்று நிறுத்தினான். உச்சியில் காடு பிழைத்தது. கீழே நல்ல நிலம் தேயிலைக்கு, மிச்சம் லயத்துக்கு. காணிப் பயன்பாட்டுத் திட்டமிடல் என்று இதற்கும் ஒரு பாடம் இருக்கிறது.

களப்பயணத்துக்குத் தலவாக்கலை போகலாம். மேல் கொத்மலை நீர்மின் திட்டம், 150 மெகாவாட், 2012இல் திறந்தார்கள். சென் கிளேயர் அருவி இப்போது பகலில் மட்டும், விடுகிற அளவுக்கு விழுகிறது. மலையகத்தில் அரசாங்க உத்தியோகம் கிடைத்தது அந்த அருவிக்குத்தான்.

சேதன விவசாயமும் பாடத்தில் உண்டு. 2021 மே மாதம் ஒரே வர்த்தமானியில் இரசாயன உரத்துக்குத் தடை. கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ அதைப் பெருமையாகச் சொன்னார். அந்த நவம்பர் முடிவதற்குள் தடை போய்விட்டது. உலகம் கைதட்டிய நேரத்தில் இங்கே கொழுந்து குறைந்திருந்தது. கிலோ நிறையாவிட்டால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம். கொள்கை தவறியது கொழும்பில், சம்பளம் வெட்டுப்பட்டது மலையில்.

தேயிலைப் பெட்டியில் பச்சைத் தவளை முத்திரை பார்த்திருப்பீர்கள். ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் தரும் சான்று. அதன் விதிகளில் தொழிலாளியின் குடியிருப்பும் குடிநீரும்கூட உண்டு. ஆனால் பெட்டியில் இடம் கிடைத்தது தவளைக்கு. தவளை மேல் எங்களுக்குக் கோபமில்லை. அது லயத்தில் குடியிருந்ததில்லை.

இனி முக்கியமான பாடம். பதுளை மாவட்டம், கொஸ்லாந்தை, மீரியபெத்தை. 2005இல் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்தது. 2011இல் மறுபடியும் எச்சரித்தது. 2014 அக்டோபர் 29 காலையில் மலை இறங்கி வந்து லயங்களை மூடியது. மண்ணைத் தோண்டி முடிப்பதற்குள் ஒரு குரல்: போகச் சொன்னோம், அவர்கள்தான் போகவில்லை. எங்கே போக? ஒரு பேர்ச் காணிகூடச் சொந்தமில்லாதவனிடம் "வெளியேறு" என்று சொல்வதற்குப் பெயர் எச்சரிக்கையா? தப்பியவர்களை மாக்கல்தெனியாவில் மூடிக்கிடந்த தேயிலை ஸ்டோரில் தங்கவைத்தார்கள். புது வீடு கிடைக்க இரண்டு ஆண்டு. பறித்த கொழுந்துகூட ஸ்டோருக்குள் அத்தனை நாள் கொழுந்தாகக் கிடக்காது.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல். நுவரெலியா, பதுளை, கண்டி என்று மலைகள் சரிந்தன. நாடு முழுக்க 600க்கும் மேற்பட்ட உயிர்கள். மறுபடியும் உலர் உணவுப் பொதி, மறுபடியும் அனுதாபம், மறுபடியும் ஹெலிகொப்டரிலிருந்து எடுத்த படம்.

இறுதியாண்டு மாணவி இப்போது தன் சொந்தத் தோட்டத்தைப் பற்றி ஆய்வு எழுதலாம். சரிவின் கோணத்தை அளக்கலாம், மண்ணைச் சோதிக்கலாம், வரைபடத்தில் சிவப்புப் பூசலாம். கடைசியில் பரிந்துரை எழுத வேண்டும்: மக்களைப் பாதுகாப்பான இடத்தில் குடியமர்த்துக. 2005லிருந்து அதே பரிந்துரைதான். பிறர் எழுத்தைத் திருடியதாக யாரும் பிடிக்க மாட்டார்கள், ஏனென்றால் யாரும் அதைப் படித்ததேயில்லை.

நிபுணர் இல்லாமல் இந்த மலைகள் சரியவில்லை. வரைபடம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது, அதிகாரசபை இருக்கிறது. மந்திரிமாரே, பட்டத்தை எங்கள் பிள்ளைகள் படித்து வாங்கிக்கொள்வார்கள். சரியாத மண்ணில், எங்கள் பெயரில், காணி உறுதியைக் கொடுங்கள். அடுத்த மழைக்கு முன்.