கடைசிச் சொட்டு யாருக்கு?

கேள்வி: உலகில் கச்சா எண்ணெய் ஒருநாள் அடியோடு தீர்ந்துவிடுமா?

பதில்: தீராது, தீரும் முன்பே கட்டுப்படியாகாமல் போய்விடும். அமெரிக்காவின் எண்ணெய் உற்பத்தி 1970 வாக்கில் உச்சம் தொட்டு இறங்கும் என்று 1956-இல் புவியியலாளர் ஹப்பர்ட் கணித்தார், அப்படியே இறங்கியது. ஆனால் பாறையைப் பிளந்து எடுக்கும் நுட்பம் பரவலானதும், 2018-இல் அந்தப் பழைய உச்சத்தையே அமெரிக்கா தாண்டிவிட்டது. ‘கையிருப்பு’ என்பது நிலத்தடியில் கிடக்கும் மொத்தமல்ல. இன்றைய விலைக்கும் நுட்பத்துக்கும் எடுக்க முடிந்தது மட்டுமே. விலை ஏறினால் கையிருப்பும் ஏறும்! “பூமி என்ன அட்சய பாத்திரமா?” என்பீர்கள். இல்லைதான். எளிதில் கிடைப்பது தீரத் தீர, மிச்சத்தை எடுக்கும் செலவு கூடும். ஒரு பீப்பாய் எடுக்க ஒரு பீப்பாய் எரிக்க வேண்டிய நாளில் எவரும் துளை போட மாட்டார்கள். அதற்குள் மின்சார வண்டி வாடிக்கையாளரை ஏற்றிக்கொண்டு போயிருக்கும். ஆகவே, எண்ணெய் தீருமோ என்று கவலைப்படாதீர்கள். அத்தனையையும் எரித்தால் காலநிலை தாங்குமா என்று கவலைப்படுங்கள்.