ஆனவண்டியில் ஆய்ஸ்டர் கார்டு

பாறசாலையில் கேரள அரசு பஸ்ஸான ஆனவண்டி புறப்பட்டதும் அண்ணாச்சி பர்ஸைத் திறப்பார். ரூபாய் அடியில், நீலக் கார்டு மேலே. ரூபாயை எடுக்க வேண்டுமென்றால் கார்டை வெளியே எடுத்தே ஆகவேண்டும், அப்படித்தான் அடுக்கியிருப்பார். எடுத்த கார்டு உடனே உள்ளே போகாது. கண்டக்டர் சில்லறைக்குப் பையைத் துழாவும்வரை இரண்டு விரலுக்கு நடுவே நிற்கும். பக்கத்து சீட்டுக்காரர் பார்த்துவிட்டால் தொலைந்தார். "ஆய்ஸ்டர் கார்டு, பாத்துக்கிடுங்க. அங்ஙன மஞ்சளா ஒரு வட்டம் இருக்கும். இதைக் கொண்டு ஒத்துனா பீப்னு ஒரு சத்தம், காரியம் முடிஞ்சு. சில்லறை உண்டா, இல்லியான்னு ஒரு பேச்சு கெடையாது." மீதி ரூபாயை வாங்கியபின் இரண்டாம் பாகம்: "இதுல இப்பவும் நாலு பவுண்டு கெடக்கு. எத்தனை வருசம் ஆனாலும் அழியாது." பார்க்காதவருக்கும் மூன்றாம் ஸ்டாப்புக்குள் காட்டப்படும். லண்டனில் நர்ஸாக இருக்கும் மகளிடம் ஆறு மாத விசாவில் போய் வந்தவர் அவர். விசா முடிந்து வருஷங்கள் ஆயிற்று.

அண்ணாச்சிக்குப் பிடித்தது லண்டன் பஸ் அல்ல என்பது என் கட்சி. கார்டு வசதிதான் வேண்டுமென்றால் ஆனவண்டியை ஓட்டும் கே.எஸ்.ஆர்.டி.சி.யும் கார்டு கொண்டுவந்திருக்கிறது. அதை அவர் வாங்கவில்லை. லண்டனில் அவர் பயணம் செய்தாரா என்பதே சந்தேகம். சுரங்க ரயிலில் ஏறும்போதும் இறங்கும்போதும் கார்டை ஒற்ற வேண்டும், பஸ்ஸில் ஏறும்போது மட்டும். ரயிலில் இறங்கும்போது மறந்தால் கூடுதலாகக் காசு போகும். இதை நினைவில் வைத்திருந்தது மகள். நகரும் படிக்கட்டில் வலப்பக்கம் ஒதுங்கி நிற்கச் சொல்லி வேட்டி நுனியைப் பிடித்து இழுத்தது பேரன். எந்த நிறக் கோட்டில் ஏறி எங்கே மாறுவது என்று படத்தில் விரல் வைத்துப் பார்த்தது மருமகன். 2014 முதல் அங்கே பஸ்ஸில் ரொக்கம் வாங்குவதே இல்லை. கார்டில் காசு போட்டு வைத்ததும் அவர்கள்தான். அண்ணாச்சி போனது பார்சல் போவதைப் போல. பார்சலுக்கு லேபிள் மேல் பெருமை வந்தால் என்ன செய்வது?

"லண்டன்காரன்ட்ட படிக்கணும்" என்பார் அடிக்கடி. படித்துத்தான் இந்த வண்டியே ஓட ஆரம்பித்தது. திருவிதாங்கூர் அரசு 1937-ல் தன் போக்குவரத்துத் துறைக்குத் தலைவராகக் கொண்டுவந்த இ. ஜி. சால்ட்டர், லண்டன் பாசஞ்சர் டிரான்ஸ்போர்ட் போர்டில் வேலை பார்த்தவர். 1938 பிப்ரவரி 20-ல் சித்திரைத் திருநாள் மகாராஜா சர்வீஸைத் தொடங்கிவைத்தார். சேசிஸ் இங்கிலாந்திலிருந்து வந்தது. கட்டணம் மைலுக்குத் திருவிதாங்கூர்க் காசில் அரைச் சக்கரம். நெய்யாற்றின்கரை, பாறசாலை வழியாகக் கன்னியாகுமரிக்குப் போகும் சாலைக்குத்தான் சர்வீஸ் முதலில் கிடைத்தது. 1956-ல் மாநில எல்லைக்கோடு பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே விழுந்தது. 1965-ல் துறை கே.எஸ்.ஆர்.டி.சி. ஆனது. ஒற்றை பெல்லுக்கு நில், டபுள் பெல்லுக்குப் போ என்பதுகூட லண்டன் கண்டக்டர்களுக்கும் இருந்த வழக்கமே. ஆக, அண்ணாச்சி கார்டை ஆட்டிக் காட்டுவது லண்டன்காரர் போட்டுக் கொடுத்த வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு.

அங்கே வண்டி நேரத்துக்கு வருகிறதே, அதை ஒப்பிட்டுச் சொன்னால் தப்பா என்று கேட்பார்கள். தப்பில்லை. அங்கேயும் ஸ்ட்ரைக் உண்டு. 2025 செப்டம்பரில் சில நாள் சுரங்க ரயில் அநேகமாக நின்றே போனது. ஆனால் அதைச் சொல்லி இங்குள்ள குறையை மூட முடியாது. அம்பூரி மலைப்பாதைக்குச் சாயங்காலம் ஒரு டிரிப் கட் ஆனால், வெள்ளறடையில் நிற்கிற தோட்டவேலைக்காரிக்கு அன்றைய கூலியில் ஒரு பங்கு ஆட்டோவுக்குப் போய்விடும். வண்டி வருமா வராதா என்று சொல்லக்கூட ஆள் இருப்பதில்லை. அவளுக்கு வேண்டியது, இன்னும் எத்தனை நிமிஷம் என்று காட்டும் அந்த லண்டன் போர்டு. அண்ணாச்சி அதைத் தினமும் பார்த்தவர், எழுதப் படிக்கத் தெரிந்தவர், டிப்போவுக்கு ஒரு மனு எழுதலாம். எழுதியதில்லை. அவருடைய லண்டன் முழுவதும், டிரிப்பைக் கூட்டவோ குறைக்கவோ அதிகாரமில்லாத கண்டக்டர் தலையில்தான் இறங்குகிறது. நாலு பவுண்டைப் பற்றி ஆயிரம் தடவை பேசிய வாய், அந்த ஒரு டிரிப்பைப் பற்றி ஒரு தடவை பேசியிருக்கலாம்.

வயசான மனுஷர், ஊருக்கு ஒரு பெருமை இருந்துவிட்டுப் போகட்டும் என்பவர்களோடு பாதி வழி நானும் வருகிறேன். மகள் அவ்வளவு தூரத்தில். அவள் கையால் கொடுத்தது அந்தக் கார்டு. ஒருவேளை அதனால்தான் உள்ளூர்க் கார்டு அவருக்கு ஆகாமல் போயிற்றோ என்னவோ. லண்டனில் பழைய ரூட்மாஸ்டர் பஸ்கள் 2005-ல் ஒதுங்கியபோது கண்டக்டர்களும் அநேகமாக ஒதுங்கிவிட்டார்கள். இங்கே இருக்கிறார்கள். குடப்பனமூடு தாண்டினால் அண்ணாச்சி உறங்கிவிடுவார். கார்டு மடியில் கிடக்கும். அம்பூரி வந்ததும் கண்டக்டர் தோளைத் தட்டுவார். "சாரே, எத்தி." முதலில் கார்டை எடுத்துக் கையில் கொடுப்பார், அப்புறம் குடையை.